வெயில் எல்லா ஊரிலும் உண்டு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "அண்ணாச்சி, என்ன வேணும்னாலும் பேசுங்க, அறிவுரை மட்டும் வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நியாயம்தான். அதனால் எனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியே பேசுகிறேன். பத்தமடையில் பிறந்து வளர்ந்தவன் நான். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். டிக்கெட் எடுத்துத் தருவது, தங்க இடம் பேசுவது, வண்டி அமர்த்துவது, எந்த மாசம் எங்கே போகலாம் என்று சொல்லுவது, இதுதான் என் பிழைப்பு. இந்தத் தொழிலில் நம்ம பக்கத்து ஆட்கள் என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு.

"வெயில் நம்ம ஊர்லயே கொளுத்துது. தென்னை இங்கயும் இருக்கு. கடல் தூத்துக்குடியிலயும் இருக்கு. அப்புறம் எதுக்கு வெள்ளைக்காரன் எல்லாம் இலங்கைக்கு ஓடுதான்? நம்ம ஆட்களும் ஏன் ஓடுதாங்க?"

கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் பதில் அவ்வளவு சாதாரணம் இல்லை. ஏனென்றால் அந்தத் தீவு பட்ட பாட்டுக்கு அங்கே யாருமே போகாமல் நின்றிருக்க வேண்டும். 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போர். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. முப்பதாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுவெடிப்பு. அடுத்த வருஷமே கொரோனா. 2022இல் பெட்ரோலுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நாள்கணக்கில் வரிசை. ஜனாதிபதியே நாட்டை விட்டு வெளியேறினார். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து மலையகத்தைச் சரித்துப் போட்டது. இத்தனை அடி வாங்கிய வேறொரு ஊர் என்றால் சுற்றுலா வரைபடத்திலிருந்தே மறைந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். போருக்கு முந்தைய 1982இல் அங்கே போன வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 4 லட்சம். 1987இல் அது 2 லட்சத்துக்கும் கீழே போனது. போர் முடிந்த மறுவருஷம், 2010இல், ஆறரை லட்சம். 2018இல் 23 லட்சம். கொரோனாக் காலத்தில், 2021இல், மறுபடி 2 லட்சத்துக்கும் கீழே. 2023இல் 14 லட்சத்தைத் தாண்டியது. 2024இல் 20 லட்சத்தைத் தாண்டியது. அதில் 4 லட்சத்துக்கு மேல் நம் இந்தியர்கள். விழுவதும் எழுவதுமாக இருக்கிறது. ஆனால் எழாமல் கிடந்ததே இல்லை. இது எப்படி? இதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதல் காரணம் நம்ம தாமிரபரணிக் கரை விவசாயிக்குச் சொன்னால் உடனே புரியும். நமக்குக் கார், பிசானம் என்று இரண்டு பூ. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மோதி, பாபநாசம் அணைக்குத் தண்ணீர் வந்தால் கார். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை விழுந்தால் பிசானம். இதே இரண்டு காற்றும்தான் இலங்கையையும் ஆள்கின்றன. நடுவில் மலை நிற்கிறது. பீதுருதாலகாலை 2,524 மீட்டர். தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை காலி, ஹிக்கடுவை, மிரிசை பக்கம் கடல் கொந்தளிக்கும், மழை கொட்டும். ஆனால் அந்த மாதங்களில் மலைக்குக் கிழக்கே திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா எல்லாம் வெயில் அடித்துக் கடல் குளம் மாதிரி கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை இது அப்படியே தலைகீழ். கிழக்கே மழை, மேற்கேயும் தெற்கேயும் நல்ல வெயில். அக்டோபர், நவம்பர் மட்டும் கொஞ்சம் எல்லாப் பக்கமும் நனையும்.

நாம் குற்றாலத்தில் சாரலில் நனைகிற அதே ஆனி, ஆடியில், அதே காற்றின் மறைவில் திருகோணமலைக் கடற்கரையில் வெயில் காய்கிறார்கள். ஆகவே வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அந்தத் தீவின் ஏதோ ஒரு கரை திறந்தே இருக்கிறது. வெறும் உஷ்ணப் பிரதேசம் என்றால் ஒரு சீசன்தான். இங்கே இரண்டு சீசன். கடையை ஆறு மாசம் சாத்த வேண்டாம் என்றால் வியாபாரி எவ்வளவு தெம்பாக இருப்பான் என்று நமக்குத் தெரியாதா?

இரண்டாவது காரணம், பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் சரிபாதி. அந்தப் பாதிக்குள் கொழும்பில் வருஷம் முழுக்க 27, 28 டிகிரி வெக்கை. அங்கிருந்து ஒரு பகல் பயணத்தில் நுவரெலியா போனால் சராசரி 16 டிகிரி, ஸ்வெட்டர் வேண்டும். காலையில் கடல், சாயங்காலம் கம்பளி. மாலத்தீவும் வெதுவெதுப்பான தீவுதான். 1972 முதல் உலகமே அங்கே போகிறது. ஆனால் அங்கே கடல் மட்டும்தான். ஏற ஒரு குன்று கிடையாது. மூன்று நாள் கழித்து, "அடுத்து என்ன?" என்று பிள்ளைகள் கேட்டால் மறுபடி கடலைத்தான் காட்ட வேண்டும். இலங்கையில் அப்படி இல்லை. அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா, கண்டி, காலிக் கோட்டை, தம்புள்ளைக் குகைக் கோயில், சிங்கராஜவனம், மத்திய மலைநாடு என்று எட்டு இடங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. யாலவில் சிறுத்தை. மிரிசைக்கு அப்பால் நீலத் திமிங்கலம். கோடையில் மின்னேரியாக் குளம் வற்றி, கரையில் பசும்புல் தழைக்கும்போது நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடும். அந்தக் குளம் மகாசேன மன்னன் வெட்டியது. பதினாறு, பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன் விவசாயத்துக்காக வெட்டிய குளம் இன்றைக்கு யானை காட்டிச் சம்பாதித்துக் கொடுக்கிறது!

நம்ம ஆட்களுக்கு இன்னொரு இழுப்பும் உண்டு. கதிர்காமம், திருக்கோணேஸ்வரம், முன்னேஸ்வரம், நல்லூர் கந்தசாமி கோயில். சிவனொளிபாதமலை உச்சியில் இருக்கும் பாதத்தைப் பௌத்தர் புத்தர் பாதம் என்பார்கள், சைவர் சிவன் பாதம் என்பார்கள், இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதாம் பாதம் என்பார்கள். ஒரே மலையில் ஒரே படிக்கட்டில் எல்லாரும் ஏறுகிறார்கள். 1344இல் இபின் பதூதா அங்கே ஏறியிருக்கிறார். சுற்றுலா என்ற சொல்லே இல்லாத காலம் அது.

அதற்கும் முன்னாலேயே ஆள் போயிருக்கிறார்கள். சிகிரியாக் குன்றின் மேல் ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கட்டிய அரண்மனை அவனோடு முடிந்துவிட்டது. ஆனால் பாறையில் தீட்டிய பெண் ஓவியங்களைப் பார்க்க ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை. கீழே பளபளவென்று பூசிய ‘கண்ணாடிச் சுவர்’ மேல் கவிதை கிறுக்கிவிட்டுப் போனார்கள். நம்ம ஆட்கள் குற்றாலம் பாறையில் பெயர் எழுதுவது மாதிரிதான். ஆனால் அவர்கள் இலக்கணத்தோடு எழுதினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கிறுக்கல்களில் 685ஐப் படித்து, தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான 1956இல் புத்தகமாக வெளியிட்டார். ஆணும் எழுதியிருக்கிறார்கள், பெண்ணும் எழுதியிருக்கிறார்கள். ஆகப் பார்க்க வருகிற பழக்கமும், வந்தவனை வரவேற்கிற பழக்கமும் அந்த மண்ணுக்கு நேற்று வந்ததல்ல.

ஆனால் நண்பர்களே, காற்றும் மலையும் குளமும் பழங்கதையும் மட்டும் இருந்தால் போதுமா? போதாது என்றுதான் நான் சொல்லுவேன். பத்தமடையில் பிறந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கோரை எந்த ஆற்றங்கரையிலும் முளைக்கும். அதை அறுத்து, காயப்போட்டு, நாராகக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்து, நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்தால்தான் அது பத்தமடைப் பாய். கோரை ஆற்றின் கொடை. பாய் மனுஷன் கை வேலை. வெயிலும் அப்படித்தான். வெயில் எல்லா ஊரிலும் உண்டு. அதை விருந்தாக நெய்வதற்கு ஆள் வேண்டும்.

அந்த நெசவை இலங்கை நிதானமாகச் செய்தது. 1966இல் சட்டம் போட்டுச் சுற்றுலாச் சபை அமைத்தார்கள். சமையல், பரிமாறல், வரவேற்பு எல்லாம் கற்றுத்தரப் பயிற்சிப் பள்ளி வைத்தார்கள். ஜெப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் 1960களின் கடைசியில் பெந்தோட்டையில் கடற்கரை ஹோட்டல் கட்டினார். ஓடு, முற்றம், திண்ணை, மரத்தூண் என்று அந்த மண்ணின் வீட்டையே பெரிதாக்கிக் கட்டினார். 1994இல் தம்புள்ளை அருகே கண்டலமவில் அவர் கட்டிய ஹோட்டலைத் தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடமே தெரியாது. பாறையில் ஒட்டிக்கொண்டு கொடி படர்ந்து கிடக்கும். வெளிநாட்டான் தன் ஊரில் இருப்பதைப் பார்க்க ஏழு கடல் தாண்டி வருவதில்லை என்ற சின்ன விஷயம் அவருக்குப் புரிந்திருந்தது.

பெரிய ஹோட்டலை விடுங்கள். அந்தத் தீவைத் தூக்கி நிறுத்தியது சின்ன வீடுகள். இரண்டு அறையை ஒதுக்கிக் கொடுத்து, காலையில் ஆப்பமும் சம்பலும் வைத்து, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்புகிற குடும்பங்கள் ஊர் ஊராக இருக்கின்றன. தென்கரையில் உனவட்டுனாவில் அப்படி ஒரு வீட்டுக்கு நான் பலமுறை ஆள் அனுப்பியிருக்கிறேன். சுனாமியில் அவர்களின் கீழ்த்தளம் முழுக்கப் போய்விட்டது. அந்த வீட்டம்மா என்னிடம் சொன்னார்: "முன்னால் தங்கிப் போனவர்கள்தான் முதலில் கடிதம் எழுதினார்கள். அவர்கள் வருவார்கள் என்றுதான் சுவரை எழுப்பினோம்." ஒரு தடவை பார்க்க வருகிறவன் கடலுக்காக வருவான். இரண்டாம் தடவை வருகிறவன் மனுஷனுக்காகத்தான் வருவான். அந்தத் தீவு ஏன் மறுபடி மறுபடி எழுகிறது என்ற கேள்விக்கு முப்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

இதில் இனிப்பு மட்டும் இல்லை. உப்பும் இருக்கிறது. அதையும் சொல்லாமல் போனால் நான் வெறும் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன்.

சுனாமிக்குப் பிறகு, கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் தூரத்துக்குள் யாரும் மறுபடி வீடு கட்டக் கூடாது என்று அரசு சொன்னது. ஆனால் ஹோட்டல்களுக்குத் தளர்வு கொடுத்தார்கள். "என் குடிசையை மட்டும்தான் அலை அடிக்குமா?" என்று மீனவர்கள் கேட்டார்கள். பின்னால் அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. விருந்தாளிக்கு இடம் கொடுக்க வீட்டுக்காரனை எழுப்பலாமா?

இன்னொன்று நம் ரத்தத்தோடு சம்பந்தப்பட்டது. பத்தமடைத் தெருவில் வயசான ஆச்சி ஒருத்தியிடம் இலங்கைக்குப் போகிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். "கண்டிச்சீமைக்காய்யா? அங்க வேலைக்குப் போன எங்க பாட்டையா திரும்பியே வரலையே" என்றாள். நம் தாத்தாக்களுக்கு அது உல்லாச ஊர் இல்லை. காப்பித் தோட்ட காலத்தில் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே நடந்தே மலைக்குப் போனார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1869இல் காப்பிச் செடியில் இலைநோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டிருந்தார். காப்பி போய்த் தேயிலை வந்தது. ஆனால் கொழுந்து பறிக்கிற கை நம் கையாகவே இருந்தது.

1948இல் அவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். போக விருப்பமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003இல்தான் முழுதாகக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இன்றைக்குக் கண்டியிலிருந்து எல்ல போகிற ரயிலை உலகத்தின் அழகான ரயில் பயணம் என்கிறார்கள். உண்மைதான். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் போட்டோவில் பச்சைக் கம்பளம் மாதிரி தெரிகிறதே, அதன் ஓரத்தில் வரிசையாக ஒண்டிக்கொண்டிருக்கும் லயன் வீடுகளையும் பாருங்கள். அங்கே பேசுகிற தமிழில் நம்ம ஊர்ச் சொல் காதில் விழும். டிட்வா புயலில் மண் சரிந்தபோது பெரிய அடி வாங்கியதும் அந்த மலைச்சரிவுகள்தான்.

பெயரில்கூட நமக்கும் அவர்களுக்கும் உறவு. இலங்கையின் பழைய பெயர் தம்பபண்ணி. அசோகரின் கல்வெட்டிலும் அந்தப் பெயர் இருக்கிறது. கிரேக்கர் நாக்கில் அது தப்ரோபேன் ஆனது. நம் ஆற்றின் பெயர் தாமிரபரணி. எது எதிலிருந்து வந்தது என்று அறிஞர்கள் தர்க்கம் பண்ணட்டும். இரண்டு கரைக்கும் நடுவில் போக்குவரத்து எப்போதும் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரே டிக்கெட்டில் போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரோடு நின்றது. 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். சில மாதத்திலேயே நின்றுபோனது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. வழி அடைபடும், திறக்கும். போகிற ஆசை மட்டும் அடைபடவில்லை.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். நம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். பாபநாசம் இருக்கிறது, முண்டந்துறைக் காடு இருக்கிறது, குற்றாலம் இருக்கிறது, பிரம்மதேசம் கோயில் இருக்கிறது. பத்தமடையிலேயே சுவாமி சிவானந்தர் பிறந்த வீதி இருக்கிறது. ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த அவரைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பாய் வாங்கவும் கார் நிற்கிறது. பத்து நிமிஷம் நின்று, விலை கேட்டு, குறைத்துக் கேட்டு, ஒன்றை வாங்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் பார்த்துப் போய்விடுகிறார்கள். நெய்கிற பெண் யார், ஒரு மெல்லிய பாய்க்கு எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அப்படி மெல்லிசாக நெய்யத் தெரிந்த கைகளும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. விருந்தாளி வாசல் வரை வந்துவிட்டான். திண்ணையில் உட்காரச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

இலங்கையிடம் நாம் கற்கலாம் என்றால் அந்த ஒன்றைத்தான். ஹோட்டல் கட்டுவதை அல்ல. ரெண்டு அறையைச் சுத்தமாக வைத்து, தன் ஊர்க் கதையைக் கூசாமல் சொல்லி, வந்தவனைத் தன் வீட்டு ஆள் போல அனுப்பி வைக்கிற அந்தக் கைப்பக்குவத்தை. உங்களில் யாராவது படித்து முடித்து இந்தத் தொழிலுக்கு வந்தால், முதல் பாடமாக உங்கள் தெருவையே ஒரு வெளியூர்க்காரனுக்குச் சுற்றிக் காட்டிப் பழகுங்கள். அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், அடுத்த வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள். அவளுக்குத் தெரியும்.

இலங்கைக்குப் போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலாளர் கோபிக்க வேண்டாம், இது அறிவுரை இல்லை. ஒரு ராத்திரியாவது சின்ன வீட்டில் தங்குங்கள். அங்கே கொடுக்கிற காசு அந்தத் தெருவிலேயே மளிகைக் கடைக்கும் மீன்காரனுக்கும் போகும். மலையகம் போனால் ரயில் ஜன்னலோடு நின்றுவிடாமல், இறங்கி ஒரு லயத்து வாசலில் நின்று, "உங்க பூர்வீகம் எந்த ஊரு?" என்று கேட்டுப் பாருங்கள். சேரன்மகாதேவி என்றோ, கோவில்பட்டி என்றோ, தன் பாட்டன் சொன்ன ஏதோ ஒரு கிராமத்தின் பெயரையோ சொல்லுவார்கள். அந்த ஊர் இன்னும் இருக்கிறதா, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று திருப்பிக் கேட்பார்கள். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.